கோல்ஃப் சுற்றுலாவுக்கு நம் வரிப்பணம் எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் லைக் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், முழுசாகப் படியுங்கள்.

மத்திய சுற்றுலா அமைச்சகம் கோல்ஃபைத் தனிச் சுற்றுலா வகையாக வைத்துப் பல ஆண்டுகளாக ஊக்குவிக்கிறது. அதற்கென்று ஒரு குழு உண்டு. கோல்ஃப் போட்டிகளுக்கும் விளம்பரத்துக்கும் நிதியுதவி கொடுக்க நெறிமுறைகளும் உண்டு. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சங்கமும் இருக்கிறது. சங்கம் வைப்பது அவர்கள் உரிமை, அதில் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் தொழிலுக்கு விளம்பரம் செய்ய அரசு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? என் கேள்வி இவ்வளவுதான்.

நம் நாமக்கல்லையே பாருங்கள். கோழிப்பண்ணைக்காரர்கள் சேர்ந்திருக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982-இல் தொடங்கியது. தினமும் முட்டை விலை சொல்வது அவர்கள்தான். டிவியில் முட்டை சாப்பிடச் சொல்லி வந்த விளம்பரங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அதெல்லாம் பண்ணைக்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட பணம். தீவன விலை ஏறி, வெயிலில் கோழி செத்து, கடன் வாங்கிப் பண்ணை நடத்துகிறவனே தன் பொருளுக்குத் தானே விளம்பரம் செய்கிறான். நட்சத்திர ஓட்டல்காரரால் முடியாதா?

“சத்துணவுக்கு அரசுதானே சார் முட்டை வாங்குகிறது?” என்று ஒருவன் கேட்பான். வாங்குகிறது கண்ணு. அந்த முட்டை பிள்ளைகள் தட்டுக்குப் போகிறது. சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் நின்று பார்த்தவன் நான், அந்தக் கணக்கை என்னிடம் சொல்லாதே.

வேலை வரும், அந்நியச் செலாவணி வரும் என்பார்கள். வரட்டும். லாபம் வரும் என்று அவ்வளவு நம்பிக்கை இருந்தால் சொந்தப் பணத்தைப் போடலாமே! விளையாட்டை வளர்ப்பது வேறு விஷயம். பெங்களூருப் பெண் அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வந்தபோது நானும் டிவி முன்னால்தான் இருந்தேன். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பயிற்சிக்குக் கொடுங்கள், கை தட்டுகிறேன். பணக்காரச் சுற்றுலாப் பயணியை அழைத்து வருவதற்குக் கொடுப்பதை அதோடு சேர்க்காதீர்கள்.

நிலத்தையும் பார்க்க வேண்டும். பதினெட்டுக் குழி மைதானம் என்றால் நூறு ஏக்கருக்குக் குறையாது, புல் காயாமல் தண்ணீர் விட்டபடி இருக்க வேண்டும். கிண்டி ரேஸ் கிளப் நிலம் 160 ஏக்கர். கோல்ஃப் மைதானமும் அதற்குள்தான். 1945-இல் 99 வருஷக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய்! பாக்கி 730 கோடிக்கு மேல் என்று அரசு சொல்லி, 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்தது. கிளப்காரர்கள் வழக்குப் போட்டார்கள், அது தனிக்கதை. பணக்காரர் விளையாட்டுக்கு நம் சொத்து எவ்வளவு மலிவாகப் போகும் என்பதற்கு இது போதும். ஆயிரம் அடி போர் போட்டும் புகை வருகிற நம் பக்கத்து ஆட்களுக்குப் புல்லுக்கு விடும் தண்ணீரைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

சுற்றுலாவுக்குப் பணம் இருக்கிறதா? இங்கே வாருங்கள். தீரன் சின்னமலையை 1805-இல் தூக்கிலிட்ட சங்ககிரிக் கோட்டை இருக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் கொல்லிமலை. ஏற்காடு. திருச்செங்கோடு. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போன காலத்தில் ஒரு தலத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லாமல், டீச்சர்கள் சேலையை மறைப்பாகப் பிடித்து நின்றார்கள். சுற்றுலா வளர்ச்சி என்றால் எனக்கு முதலில் அதுதான் ஞாபகம் வருகிறது.

சுற்றுலாத் துறையிலும் ஓட்டல் தொழிலிலும் இருக்கிற என் மாணவர்கள் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள். மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், கோபிக்க மாட்டேன். கணக்கோடு எழுதுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுங்கள்.