சிஸ்டம் ரிஸ்டோரை அணைக்காதீர்கள்

"சேமிப்பிடம் போதவில்லையா? சிஸ்டம் ரிஸ்டோரை அணைத்துவிடு, நிறைய கிகாபைட் மிச்சமாகும்." புதிய விளையாட்டுக்கு இடம் தேடும் மாணவர்களிடையே உலவும் இந்த யோசனையை நான் ஏற்பதில்லை. அணைத்த மறுகணமே பழைய மீட்புப் புள்ளிகள் எல்லாம் அழிந்துவிடும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

2000ஆம் ஆண்டு விண்டோஸ் மில்லேனியம் பதிப்பில் அறிமுகமான வசதி இது. விண்டோஸ் புதுப்பிப்போ புதிய டிரைவரோ நிறுவப்படும் முன், கணினி தன் அப்போதைய நிலையைத் தானாகவே பதிவு செய்துகொள்கிறது. இயங்குதளக் கோப்புகள், ரெஜிஸ்ட்ரி, டிரைவர்கள் இதில் அடங்கும். புதிய டிரைவரால் நாளை ஒலி வராமல் போனால், நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ஆய்வகத்தில் மாறியை மாற்றுவதற்கு முன் தொடக்க அளவைக் குறித்துக்கொள்கிறோமே, அதே வேலைதான்.

அதற்காக முழு வட்டையும் அது நகலெடுப்பதில்லை. வட்டின் ஒரு பகுதியில் புதிய தரவு எழுதப்படும்போது, அங்கிருந்த பழைய தரவை மட்டும் முதலில் எடுத்துத் தனியே பத்திரப்படுத்துகிறது. மாறாத பகுதிகளுக்கு நகலே தேவையில்லை. இதனால்தான் மீட்புப் புள்ளி சில நிமிடங்களில் உருவாகிறது. மாற்றங்கள் பெருகப் பெருகத்தான் இடம் பிடிக்கிறது. வரம்பை எட்டியதும் மிகப் பழைய புள்ளி தானாக நீங்கிவிடும். அந்த வரம்பை நிர்ணயிப்பவர் நீங்கள். 256 கிகாபைட் வட்டில் 3 விழுக்காடு ஒதுக்கினால், செலவு 8 கிகாபைட்டுக்கும் குறைவே. இடம் வேண்டுமென்றால் வரம்பைக் குறையுங்கள், அணைக்க வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல் உண்டு. விண்டோஸ் 10, 11 உள்ள பல கணினிகளில் இந்த வசதி தொடக்கத்திலேயே அணைந்திருக்கும். ஸ்டார்ட் பெட்டியில் 'கிரியேட் எ ரிஸ்டோர் பாயிண்ட்' என்று தட்டச்சு செய்து பாருங்கள். சி டிரைவுக்கு எதிரே 'ஆஃப்' என்றிருந்தால், 'கன்ஃபிகர்' பொத்தானில் அதை மாற்றலாம். குடும்பத்தாருக்குப் பொதுவான கணினி என்றால் அம்மா அப்பாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பழைய நிலைக்குத் திரும்பும் முன், எந்தெந்த மென்பொருள்கள் நீங்கும் என்று பட்டியலிட்டுக் காட்டும் பொத்தான் ஒன்றும் இருக்கிறது. பெரும்பாலோர் அதைத் தொடுவதேயில்லை.

ஆனால் நீங்கள் தவறுதலாக அழித்த வரலாற்றுப் பாடக் கட்டுரையை இது மீட்டுத் தராது. சொந்தக் கோப்புகளைப் பாதுகாப்பது இதன் வேலையன்று. மேலும், புள்ளிகள் அதே வட்டில்தான் இருக்கின்றன. வட்டு பழுதானால் அவையும் போய்விடும். 2017இல் பரவிய வான்னாக்ரை நச்சுநிரல், கோப்புகளைப் பூட்டியதோடு இந்த நகல்களையும் அழிக்க முயன்றது. ஆகவே பள்ளிப் பணிகளுக்கு வெளி வட்டிலோ மேகச் சேமிப்பிலோ தனி நகல் வேண்டும்.

பெரிய மென்பொருள் எதையாவது நிறுவும் முன் நீங்களே ஒரு புள்ளியை உருவாக்கலாம். அதற்குப் பெயர் கேட்கும்போது 'டெஸ்ட்' என்றோ 'ஏபிசி' என்றோ எழுதாதீர்கள். தேதியும் நேரமும் தாமாகவே பதிவாகிவிடும். எதை மாற்றப் போகிறீர்களோ அதை எழுதுங்கள்: 'புதிய பிரிண்டர் டிரைவருக்கு முன்'.