கழிவு இருந்தபோது வரி இல்லை, வரி வந்தபோது கழிவு இல்லை: வன்னியின் சுயதொழிலாளரும் மருத்துவக் காப்புறுதியும்

புதுக்குடியிருப்பில் கராஜ் நடத்தும் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கூலி, உதிரிப்பாகம், மின்கட்டணம் எல்லாம் போக மாதம் இரண்டு இலட்சம் ரூபாய் மிஞ்சுகிறது. வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் கட்டுப்பணத்தில் ஒரு மருத்துவக் காப்புறுதி எடுக்கிறார். அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக் காட்ட அவரால் முடியுமா?

இன்றைய சட்டப்படி முடியாது. சில ஆண்டுகளுக்கு முன்னர் முடிந்தது. ஆனால் அப்போது அவருக்கு வரியே இருக்கவில்லை.

மூன்று ஆண்டுக் கழிவு

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் 2021இல் செய்யப்பட்ட திருத்தம், 2020 ஜனவரி முதலாம் திகதி முதல் நடைமுறைக்கு வரும்படி இரண்டு சலுகைகளைக் கொடுத்தது. ஒன்று, தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாய். மற்றையது, செலவின நிவாரணம் ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாய் வரை. மருத்துவச் செலவு, மருத்துவக் காப்புறுதிக் கட்டுப்பணம், பிள்ளைகளின் கல்விச் செலவு, வீட்டுக்கடன் வட்டி போன்றவற்றை இரண்டாவதன் கீழ் கழித்துக்கொள்ளலாம். சம்பளம் பெறுபவருக்கும் சுயதொழில் செய்பவருக்கும் இது பொதுவானது.

அதாவது மாதம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மேல் உழைத்தவருக்கே வரி. நமது கராஜ்காரர் அந்த எல்லைக்குக் கீழே இருந்தார். கழிவு சட்டத்தில் இருந்தது, அவருக்கு அது தேவைப்படவில்லை.

பொருளாதார நெருக்கடியின் பின்னர் வந்த 2022ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நிலைமையைத் தலைகீழாக்கியது. 2023 ஜனவரி முதல் தனிநபர் நிவாரணம் 12 இலட்சமாகக் குறைந்தது. செலவின நிவாரணம் முற்றாக நீக்கப்பட்டது. மாதம் ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேல் உழைப்பவர்கள் எல்லோரும் வரி வலைக்குள் வந்தார்கள். ஆண்டுக்கு 24 இலட்சம் வருமானம் உள்ள நமது கராஜ்காரர் 2023/24 மதிப்பாண்டில் கட்டவேண்டிய வரி 126,000 ரூபாய். அவர் முதன்முறையாக வரி கட்ட வந்தபோது, காப்புறுதிக்கான கழிவு போய்விட்டது.

2025 ஏப்ரல் முதல் தனிநபர் நிவாரணம் 18 இலட்சமாக உயர்ந்தது. முதல் 10 இலட்சத்துக்கான வரி 6 வீதமானது. இதனால் அவரது வரி 36,000 ரூபாயாகக் குறைகிறது. இது உண்மையான ஆறுதல்தான். ஆனால் காப்புறுதிக் கழிவு திரும்பி வரவில்லை.

கூரைக்கு உண்டு, உடம்புக்கு இல்லை

செலவின நிவாரணம் நீக்கப்பட்டபோது எல்லாக் கழிவுகளும் நீக்கப்படவில்லை. வீட்டுக் கூரையில் சூரியப் படல் பொருத்தி தேசிய மின்வலையமைப்புடன் இணைப்பவர் ஆண்டுக்கு ஆறு இலட்சம் ரூபாய் வரை இன்றும் கழித்துக்கொள்ளலாம். வாடகை வருமானம் பெறுபவருக்கு அதில் 25 வீதம் கழிவு உண்டு. கூரையும் வாடகைக்கு விட வீடும் உள்ளவர்களுக்கு அரசு இடம் வைத்திருக்கிறது. நோய்க்கு முன்னேற்பாடு செய்பவருக்கு அந்த இடம் இல்லை.

சம்பளம் பெறுபவரின் நிலையும் வேறு. ஒரு நிறுவனம் தனது முழுநேர ஊழியர் எல்லோருக்கும் சமமான நிபந்தனைகளில் மருத்துவக் காப்புறுதி கொடுத்தால், அந்தப் பயன் ஊழியரின் வருமானமாகக் கணக்கிடப்படுவதில்லை. நிறுவனத்துக்கு அது தொழிற்செலவு. அரச ஊழியர்களுக்குத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் அக்ரஹார இருக்கிறது. சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கப்படும் சிறு தொகையில் குடும்பமும் காப்புறுதிக்குள் வருகிறது. சுயதொழில் செய்பவர் தனக்காகக் கட்டும் கட்டுப்பணமோ குடும்பச் செலவாகவே பார்க்கப்படுகிறது. வரி கட்டிய பிறகு மிஞ்சும் காசில்தான் அவர் அதைக் கட்டவேண்டும். ஒரே நோய்க்கு, ஒரே காப்புறுதிக்கு, இரண்டு விதமான கணக்கு.

கழிவு வந்தால் போதுமா?

ஆகவே கழிவைத் திரும்பக் கேட்பது நியாயம். ஆனால் அதன் பெறுமதியையும் கணக்குப் பார்க்கவேண்டும். இன்றைய வீதத்தில் 80,000 ரூபாய் கட்டுப்பணத்தைக் கழிக்க அனுமதித்தால் நமது கராஜ்காரருக்கு மிச்சமாவது 4,800 ரூபாய். இதே கட்டுப்பணத்தை 36 வீத வரி கட்டும் பெரிய வர்த்தகர் கழித்தால் அவருக்கு 28,800 ரூபாய் மிச்சம். மாதம் 60,000 ரூபாய் உழைக்கும் முச்சக்கர வண்டிச் சாரதிக்கோ, தையல் தொழில் செய்யும் பெண் குடும்பத் தலைவிக்கோ ஒரு சதமும் இல்லை. அவர்களுக்கு வரியே இல்லை, கழிக்கவும் ஒன்றும் இல்லை. வன்னியில் சுயதொழில் செய்வோரில் பெரும்பாலானோர் இவர்கள்தான்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பது உண்மை. அந்த இலவசத்தால்தான் வன்னி இன்னும் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். வாகனச் செலவு, கூட நிற்பவரின் சாப்பாடு, வெளியில் வாங்கச் சொல்லும் மருந்து, தனியாரிடம் எடுக்கும் ஸ்கான், அவசரமென்றால் தனியார் வைத்தியசாலை. இவற்றுடன் கடை பூட்டிக்கிடக்கும் நாட்களின் இழப்பும் சேர்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு மருத்துவ விடுமுறை உண்டு. சுயதொழில் செய்பவருக்கு நகை அடகும் நுண்கடனும்தான்.

உடம்பில் இருக்கும் ஷெல் துண்டு

இங்கே கொழும்பில் எழாத ஒரு கேள்வி இருக்கிறது. தனியார் மருத்துவக் காப்புறுதிகள் பொதுவாக, ஏற்கெனவே உள்ள நோய்களையும் காயங்களையும் விலக்கிவைக்கின்றன, அல்லது காத்திருப்புக் காலம் விதிக்கின்றன. 2009 மே வரை இந்த மண்ணில் இருந்தவர்களில் எத்தனையோ பேரின் உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்கள், கால் இழந்தவர்கள், ஒரு காதோடு வாழ்பவர்கள் சொந்தத் தொழிலில்தான் நிற்கிறார்கள். அவர்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் குறைவு. காப்புறுதி அதிகம் தேவைப்படுபவருக்கே அது எட்டாமல் போகிறது. படிவத்தில் பழைய காயத்தை மறைத்தால், கட்டிய பணம் போய், கோரிக்கையும் நிராகரிக்கப்படலாம்.

வெளியே பார்த்தால் பாதை தெரிகிறது. அமெரிக்காவில் சுயதொழில் செய்வோர் தமது மருத்துவக் காப்புறுதிக் கட்டுப்பணத்தை 2003 முதல் தொழில் இலாபத்தின் எல்லைக்குள் முழுமையாகக் கழிக்கலாம். ஆனால் அந்தக் கழிவு ஏற்கெனவே நோய் உள்ளவருக்குக் காப்புறுதியைப் பெற்றுக் கொடுக்கவில்லை. பழைய நோயைக் காட்டி ஒருவரை நிராகரிக்கக்கூடாது என்ற விதி 2014இல் நடைமுறைக்கு வந்த பின்னரே அவர்களுக்கும் கதவு திறந்தது. இன்னும் அருகில் தமிழ்நாடு இருக்கிறது. அங்கே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்களில் வாழும் இலங்கை அகதிகளும் வருமான எல்லையின்றிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். முகாமில் இருக்கும்வரை கிடைக்கும் அந்த அட்டைக்கு ஈடான ஒன்று, ஊர் திரும்பித் தொழில் தொடங்குபவருக்கு இங்கே இல்லை.

இப்போது செய்யக்கூடியவை

சட்டம் மாறும்வரை சில விடயங்களைக் கவனிக்கலாம். ஊழியர் வைத்துத் தொழில் செய்பவர், எல்லோருக்கும் சமமாக எடுக்கும் குழுக் காப்புறுதியைத் தொழிற்செலவாகக் காட்டலாம். தன் பங்கை அதில் சேர்க்க முடியாது. அதற்காகக் கம்பனியாக மாறுவது பெரும்பாலானோருக்குக் கட்டுப்படியாகாது, கம்பனி வரி பொதுவாக 30 வீதம். காப்புறுதி எடுக்குமுன் விலக்குகள் எழுதிய பக்கத்தைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய காயத்தை எழுத்தில் அறிவித்து அதன் பிரதியை வைத்திருங்கள். பாரிய சிகிச்சை என்றால், ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு அலையத் தேவையில்லை.

கேட்கவேண்டியவை மூன்று. மருத்துவக் காப்புறுதிக்குத் தனி நிவாரணம் வேண்டும். அது வருமானம் கூடக்கூடப் பெருகும் கழிவாக இல்லாமல், எல்லோருக்கும் ஒரே அளவான வரிக்குறைப்பாக இருக்கவேண்டும். வரி எல்லைக்குக் கீழே உள்ள சுயதொழிலாளர் சேரக்கூடியதாக, அரசும் பங்களிக்கும் அக்ரஹார போன்ற திட்டம் ஒன்று வேண்டும். அதில் யுத்தக் காயத்தை விலக்காக எழுதக்கூடாது.

முதலாவது கோரிக்கையை வர்த்தகர் சங்கங்கள் கேட்கும், அவர்களுக்குக் குரல் இருக்கிறது. மற்ற இரண்டையும் வன்னியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை. அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதை நாம் கவனிப்போம்.