தம்பின் ஸ்டேஷனும் பழைய செக்ரோலும்

மலாக்காப் பட்டணத்தில் இருப்பவர் ரயில் ஏற வேண்டுமானால் இன்றும் இருபது மைலுக்கு மேல் பஸ்ஸிலோ காரிலோ போய், புலாவ் செபாங்கில்தான் ஏற வேண்டும். மின்சார ரயில் வந்தபோது புதிதாய்க் கட்டிய ஸ்டேஷன் அது. நிற்கும் மண் மலாக்கா மாநிலத்தது. பெயரிலோ அடுத்த மாநிலத்துத் தம்பினும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வழக்கை ஊர்ப் பெரியவர்களுக்கு விட்டுவிடுவோம். மலாக்காவுக்கு ஏன் ரயில் இல்லை என்பதே நம் கேள்வி.

இருந்தது, தோழர்களே! 1896-ல் டான் சாய் யான் மலாக்காவில் ரப்பரைத் தோட்டப் பயிராக வைத்தார். 1905-ல் தம்பினிலிருந்து மலாக்காவுக்குக் கிளைப்பாதை திறந்தார்கள். தோட்டங்கள் பெருகின, மரம் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் வந்தார்கள். ரயில் பாதையில் மண் வெட்டிக் கல் கொட்டியவர்களிலும் நம்மவர் ஏராளம்.

ஜப்பான் காலத்தில் அந்தக் கிளைப்பாதையைப் பெயர்த்தெடுத்தார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட ஜப்பான் ராணுவத்துக்குத் தண்டவாளம் வேண்டியிருந்தது. இரும்பு மட்டும் போதவில்லை, ஆளும் வேண்டியிருந்தது. நாளைக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டினார்கள். ஆள் குறைந்தபோது லாரியில் பிடித்துப்போட்டார்கள். வடக்கே போக மெயின் லைன் ஒன்றுதான். சாமான் வண்டியில் அடைபட்டுப் போனவர்கள் பான்போங்கில் இறங்கினார்கள். பிறகு காடு, மழை, காலரா, மலேரியா. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களில் பத்தாயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல், தாலியைக் கழற்றவும் மனமின்றிக் காலம் கழித்த கிழவிகளின் கதை நம் லயங்களில் பலரும் கேட்டதுதான்.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் மயானத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கிறது. பட்டாளத்தில் பதிவேடு இருந்தது. அதனால் பெயர் நிலைத்தது. நம் பாட்டனாருக்கு இருந்த ஒரே பதிவேடு தோட்டத்துச் செக்ரோல்தான்.

இங்கே நம் கிராணிமாரிடம் ஒன்று சொல்ல வேண்டும். நாமும் அந்த வர்க்கமே என்பதால் சொல்கிறோம். துரைமார் போய்விட்ட அந்நாளில், இத்தனை ஆள் கொடு என்று உத்தரவு வந்தபோது பெயர் எழுதிக் கொடுத்தது கிராணியின் பேனாதான். உயிருக்குப் பயந்து எழுதியவரும் உண்டு; வேண்டாதவன் பெயரை முதலில் எழுதியவரும் உண்டு என்று லயத்தில் பேசுவார்கள். தாமே கணக்கெழுதப் போய் அங்கேயே மடிந்த கிராணிகளும் உண்டு. இதை மறைப்பதால் யாருக்கும் மானம் கூடிவிடாது. எழுதிய பெயரை இன்று வெளியே எடுத்துக் கொடுப்பதே அந்தப் பேனாவுக்கு மிஞ்சிய கடன்.

காலமும் அதிகமில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் துண்டாகி வீடமைப்பு ஆகிறது. ஆபீஸ் மூடும்போது பழைய புத்தகங்கள் முதலில் குப்பைக்குப் போகின்றன. ஒரு தோட்டத்தில் கறையான் தின்ற கட்டுகளைப் பின்புறத்தில் போட்டுக் கொளுத்தியதை நம் கண்ணாலேயே பார்த்தோம். எந்த ஆண்டுப் புத்தகம் என்று புரட்டிப் பார்க்கக்கூட நேரம் கொடுக்கவில்லை.

ஆகவே, 1942 முதல் 1945 வரையிலான செக்ரோல், பெயர்ப் பதிவு, கோயில் கணக்கு எது கிடைத்தாலும் பழைய பேப்பர்க்காரனுக்கு எடை போடாதீர்கள். புத்தகம் இல்லாத தோட்டத்தில் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பெயர், தகப்பனார் பெயர், தோட்டம், போன ஆண்டு, திரும்பினாரா என்ற விவரம் போதும். உங்கள் கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். பெயர்கள் சேர்ந்தால், புலாவ் செபாங் ஸ்டேஷன் சுவரில் அவற்றைப் பொறிக்க இடம் கேட்டு மனுப் போடுவோம்.