டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்ட முதல்வர்

ஓய்வுக்குப் பிறகு உளவியல் படிக்கிறேன். (டீச்சர் ட்ரெயினிங்கில் படித்தது பரீட்சையோடு போச்சு!) 2006-ல் அமெரிக்காவில் கலின்ஸ்கி குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். சிலரை, தாங்கள் பிறர்மேல் அதிகாரம் செலுத்திய நேரத்தை நினைத்து எழுதச் சொன்னார்கள். வேறு சிலரை, அடங்கி நின்ற நேரத்தை எழுதச் சொன்னார்கள். பிறகு அவரவர் நெற்றியில் ஆங்கில ‘ஈ’ எழுத்தைப் போடச் சொன்னார்கள். எதிரே இருப்பவருக்குத் திரும்பித் தெரியும்படி, தன் பக்கமாகவே எழுதியவர்கள் அதிகாரத்தை நினைத்தவர்களில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகம்.

படித்ததும் 2018 மே 22 ஞாபகம் வந்தது. சாயர்புரத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஸ்டெர்லைட் போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் ஆபீசை நோக்கிப் போன கூட்டத்தில் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் உண்டு. துப்பாக்கிச் சூடு. 13 உயிர் போனது.

அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, தானும் டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அதை ஏற்கவில்லை. தலைமைச் செயலாளர், டிஜிபி, உளவுத்துறைத் தலைவர் மூவரும் உடனுக்குடன் அவருக்குத் தகவல் சொன்னார்கள் என்கிறது 2022 அக்டோபரில் சட்டசபையில் வைத்த அறிக்கை.

பொய்யை விட எனக்கு உறுத்துவது வேறு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இதைக் கேட்டால் என்ன நினைப்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சுற்றி நின்றவர்களும் சொல்லவில்லை. ‘ஆமாங்கய்யா’ சொல்பவர்களை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் யார் சொல்வார்?

போலீஸ்காரர்கள் 17 பேர்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது ஆணையம். அவர்கள் ஒவ்வொருவரும் இப்போது எந்தப் பதவியில் இருக்கிறார்கள்? விவரம் தெரிந்த என் மாணவர்கள் கமெண்டில் எழுதுங்கள்.