பின்சில்லின் பிறேக்

லொறியின் பிறேக்குக்கும் குடும்பப் பகுதிக்கும் யாது தொடர்பு என வாசகர் சிலர் வினவக்கூடும். பெரியகல்லாற்றில் வாழ்வோர் அவ்வாறு வினவார். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் வாவி. இடையே ஒடுங்கிய நிலம். அந்நிலத்தின் ஊடே மட்டக்களப்பையும் கல்முனையையும் இணைக்கும் பெருந்தெரு செல்கிறது. மட்டக்களப்புக்குத் தெற்கே புகையிரதப் பாதை இல்லையாதலின், நெல்லும் மணலும் சீமெந்தும் லொறியிலேயே ஏறவேண்டும். பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் செல்வதும் அதே தெருவிலேதான்.

நமது பகுதி சமதரை. இதுவே ஒரு பெருந்தீங்கு என்பது நம் கருத்து. மேடு பள்ளம் இல்லாத தெருவில் தேய்ந்த பிறேக்கும் நல்ல பிறேக்கைப் போலவே நடித்துவிடும். அதன் குணம் வெளிப்படுவது, கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவில், மலைநாட்டு மரக்கறி மூட்டைகளோடு வரும்போதுதான்.

மாணவர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பாரத்தோடு 10 தொன் நிறையுள்ள லொறியொன்று மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்கச் சக்தி ஏறக்குறைய 14 இலட்சம் யூல். லொறி நின்றதும் அச்சக்தி பெரும்பாலும் பிறேக்கில் வெப்பமாகிவிடுகிறது. 30 பாகையில் இருக்கும் நாலரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அதே லொறி 100 மீற்றர் உயரம் இறங்கினாலோ 33 லீற்றர் தண்ணீர் கொதிக்கும்! தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் அதில் ஒரு பங்கைத் தாங்கும். மிகுதி முழுவதையும் நான்கு இரும்பு டிரம்கள் விழுங்கவேண்டும். விழுங்கிய டிரம் விரிகிறது; உள்ளிருக்கும் சூ அதனை எட்டிப்பிடிக்க மிதி ஆழ இறங்குகிறது; லைனரின் உராய்வும் குறைகிறது. பிறேக் எண்ணெயோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 எனும் வகை புதிதாக இருக்கையில் 205 பாகைக்குக் கீழே கொதிக்கலாகாது என்பது விதி. ஈரம் உறிஞ்சிய பின்போ அவ்வெல்லை 140 பாகையாகத் தாழ்கிறது. வாவிக்காற்றில் நெடுநாட் கிடந்த எண்ணெய் எந்நிலையில் இருக்கும் என்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை.

விரியும் சூக்களைக் கொண்ட டிரம் பிறேக்குக்கு 1902இல் காப்புரிமை பெற்றவர் பிரான்சு நாட்டு லூயி ரெனோ. நூற்றாண்டு கடந்தும் அதன் அடிப்படை மாறவில்லை. 1958 முதல் உருவான பெட்போர்ட் ஜே வகை லொறியிலும் அதுவே. பாரம் ஏற்றிய லொறியின் நிறையிற் பெரும்பகுதி பின்னச்சின் மீதே கிடத்தலால், பின்பிறேக்கு இங்கே முதன்மை பெறுகிறது.

“ஒரு பக்கந்தானே சேர் தேஞ்சிருக்கு, அதை மட்டும் மாத்தினாப் போதாதா?” என்று லொறிச் சொந்தக்காரர் ஒருவர் நம்மிடம் கேட்டார். போதாது. புதிய லைனர் ஒரு பக்கமும் பழையது மறு பக்கமும் இருந்தால் இரண்டும் ஒரே அளவாகப் பிடிக்கமாட்டா. சடுதியாக மிதித்ததும் வண்டி ஒரு புறம் இழுபடும். ஈரத் தெருவில், சைக்கிள்கள் செல்லும் ஓரத்துக்கு அது இழுபட்டால் என்னவாகும்? ஓர் அச்சின் இரு பக்கங்களையும் சேர்த்தே மாற்றவேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஏன் தேய்ந்தது என்றும் பார்க்கவேண்டும். சிலிண்டர் இறுகியிருக்கலாம், அச்சின் எண்ணெய்த் தடுப்பு றப்பர் பழுதாகி லைனர் நனைந்திருக்கலாம். எண்ணெயில் ஊறிய லைனரை நெருப்பிற் காட்டி மீண்டும் பூட்டுவது சில கராஜ்களில் வழக்கம். அது சிக்கனமன்று; ஆபத்து.

வேலைக்கு வருவோம். லொறியைச் சமதரையில் நிறுத்தி முன்சில்லுகளுக்கு முட்டுக்கட்டை வைத்தபின், சில்லு நட்டுகளைத் தரையில் வைத்தே தளர்த்தவேண்டும். பழைய பிரித்தானிய லொறிகள் பலவற்றில் இடப்பக்க நட்டுகள் இடப்புரி கொண்டவை. இதனை அறியாத இளைஞர் இறுக்கி இறுக்கியே புரியாணியை முறித்துவிடுவர். உயர்த்திய அச்சை உறுதியான தாங்கிகளில் இருத்துக; ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைதல் கூடவே கூடாது. கைப்பிறேக்கை விடுவித்து, சரிசெய் திருகைத் தளர்த்தினால் டிரம் கழன்று வரும். சில வகைகளில் அச்சுத்தண்டையும் குடத்தையும் முதலில் கழற்றவேண்டியிருக்கும்.

டிரம் கழன்றதும் நுண்ணிய தூள் கொட்டும். வாயால் ஊதுவர்; காற்றுக்குழாயால் அடிப்பர். குடும்பத்தாரிடம் நாம் சொல்ல வந்தது இதுவே. பழைய லைனர்களில் கல்நார், அதாவது அஸ்பெஸ்டஸ், கலந்திருந்தது. அதன் தூசு நுரையீரலிற் படிந்து, 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தும் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். கல்நார்த் தொழிலாளரின் உடைகளை வீட்டில் துவைத்த மனைவியரும் அந்நோய்க்கு இரையானமை மருத்துவ உலகம் அறிந்த செய்தி. பிரித்தானியா 1999இல் அதனை முற்றாகத் தடைசெய்தது. ஆயினும் பழைய லொறியில் எவ்வகை லைனர் பூட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கண்ணாற் கண்டறிய இயலாது. ஆகவே எல்லாத் தூளையும் கல்நார்த் தூளாகவே கருதி, நீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டி அகற்றுக. வேலை உடையோடு வீட்டுக்குச் சென்று பிள்ளையைத் தூக்காதீர்கள்.

சூக்களைக் கழற்றும்போது ஒரு பக்கத்தை முடித்தபின் மறுபக்கத்தைத் தொடுவது நன்று. எந்தச் சுருள்வில் எங்கே என்பதற்குப் பூட்டியிருக்கும் பக்கமே விடை சொல்லும். புதிய லைனரை றிவெற் அடிக்கையில் நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கிச் செல்லவேண்டும். டிரம்மைக் கடைசற் பொறியிற் கடைவதாயின், அதற்கு விதிக்கப்பட்ட அதிகூடிய விட்டத்தைத் தாண்டலாகாது. மெலிந்த டிரம் விரைவிற் சூடேறி வெடிக்கும். சிலிண்டரின் றப்பர்களைப் பெற்றோலாற் கழுவினால் அவை ஊதிக் கெடும். பிறேக் எண்ணெயே போதும்.

பூட்டியபின் புதிய எண்ணெய் ஊற்றிக் குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றி, மிதி கல்லைப்போல் உறுதியாகும்வரை ஓயக்கூடாது. பின்னர் பாரமின்றிக் களுவாஞ்சிக்குடி வரை மெல்ல ஓட்டி, இடையிடையே மிதித்துப் பார்த்து, ஓரமாக நிறுத்துக. இரு டிரம்களுக்கும் அருகே உள்ளங்கையைக் கொண்டு செல்க, தொடவேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அப்பக்கத்துச் சூ உரசுகின்றது; திருகை மீண்டும் தளர்த்தவேண்டும். இரண்டும் ஒத்திருந்தால், சில்லு நட்டுகளை மறுமுறை இறுக்கிவிட்டு வண்டியைத் திருப்பலாம்.