டிஃபெண்டர் டர்ஃபில் உருவாவதில்லை

2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று சென்னை சிட்டி அணி ஐ-லீக் சாம்பியன் ஆனது. இரண்டாம் இடம் பிடித்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42 புள்ளி, சென்னை சிட்டிக்கு 43. அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்த பெட்ரோ மான்சியின் பெயரை இங்குள்ள ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். கடைசி ஆட்டத்தில் பின்தங்கியிருந்த அணியைச் சமநிலைக்குக் கொண்டுவந்த பெனால்டியும் அவர் அடித்ததுதான். அதற்குப் பிறகு இரண்டு கோல் போட்டுக் கோப்பையை உறுதி செய்தவர் அசாமைச் சேர்ந்த டிஃபெண்டர் கௌரவ் போரா. அந்த இரண்டு கோல் இல்லாவிட்டால் அவர் பெயரை நாம் கேட்டிருக்கவே மாட்டோம். கோல் அடிக்காத டிஃபெண்டரை மதிக்கத் தெரியாத ஊரால் டிஃபெண்டரை உருவாக்கவும் முடியாது. கோவையின் இன்றைய குறை இதுதான்.

உகாண்டாவின் இப்ராஹிம் செகாக்யாவின் வாழ்க்கையை இதனோடு வைத்துப் பார்க்கலாம். சென்டர் பேக். அர்ஜென்டினாவின் ஆர்செனல் தெ சராந்தியில் ஆடி, 2007-இல் ஆஸ்திரியாவின் ரெட் புல் சால்ஸ்பர்க் அணிக்குப் போனார். அங்கே ஆறு ஆண்டுகள் ஆடி லீக் பட்டங்களை வென்றார்; 2013-இல் நியூயார்க் ரெட் புல்ஸ் அவரை எடுத்தது. முப்பது வயதைத் தாண்டியவரை இன்னொரு கண்டத்து கிளப் தேடி வருகிறது என்றால், அவருடைய ஓட்டத்துக்காக அல்ல. எங்கே நிற்க வேண்டும், எப்போது வரிசையை முன்னேற்ற வேண்டும் என்ற அறிவுக்காக. ஆயிரக்கணக்கான நிமிடங்கள் முழு மைதானத்தில் ஆடியவனுக்குத்தான் அது வரும். அப்படிப்பட்டவர் கேப்டனாக இருந்தும் 2011 அக்டோபரில் கம்பாலாவில் கென்யாவுடன் 0-0 என நின்றதால் உகாண்டா ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. அதோடு அவர் தேசிய அணியிலிருந்து விலகினார். 1978-க்குப் பிறகு உகாண்டா அந்தக் கோப்பையில் மறுபடி ஆடியது 2017-இல்தான். தனி ஒருவர் எவ்வளவு உயரம் போனாலும் அவருக்குப் பின்னால் வரிசையாக ஆட்கள் வர வேண்டும்.

நம் ஊரில் அந்த வரிசை எங்கே அறுபடுகிறது? ஆர்.எஸ்.புரம் போன்ற பகுதிகளில் பிள்ளையைக் கால்பந்துக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு இன்று எளிதில் கிடைப்பது மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப். பக்கத்துக்கு ஐந்து பேர், சுற்றிலும் வலை, பெரும்பாலும் ஆஃப்சைடே கிடையாது. பந்தை அடக்கவும் நெருக்கத்தில் தப்பவும் பிள்ளைகள் அங்கே நன்றாகவே கற்கிறார்கள். ஆனால் பக்கவாட்டிலிருந்து உயர்ந்து வரும் கிராஸைத் தலையால் வெளியேற்றுவதையும், முதுகுக்குப் பின்னால் நாற்பது மீட்டர் காலியாக இருக்கும்போது முன்னேறலாமா பின்வாங்கலாமா என்று முடிவெடுப்பதையும், கூட ஆடும் ஸ்டாப்பரோடு ஒரே கோட்டில் நகர்வதையும் அங்கே கற்க வழியே இல்லை. முன்கள வீரனுக்கு அந்த இடம் பாதிப் பள்ளியாவது ஆகும். டிஃபெண்டருக்கு அதுகூட இல்லை.

டர்ஃப் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் கைபேசியோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். பத்து வயது வரை சிறிய களம்தான் நல்லது. பதின்மூன்று வயதுக்கு மேலும் அதுவே முழுக் கால்பந்து ஆகிவிடுவதைத்தான் எதிர்க்கிறேன். கோவை கிரிக்கெட் ஊர், இங்கே கால்பந்து எடுபடாது என்பது இன்னொரு வாதம். நேரு ஸ்டேடியத்தில் ஆடிய சென்னை சிட்டியின் தமிழ் வீரர்களே அதற்குப் பதில். மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்கும், எட்வின் வான்ஸ்பால் சென்னையினுக்கும், ரொமாரியோ ஜேசுராஜ் கோவாவுக்கும், பின்களத்தில் ஆடிய அஜித் குமார் பெங்களூருவுக்கும் போனார்கள். வாரம்தோறும் உண்மையான ஆட்டம் கிடைத்ததால் ஏறினார்கள்.

அந்த ஏணியின் மேல்படி மட்டுமே நம்மிடம் இருந்தது. அதையும் ஒரு தனியார் கிளப் பிடித்துக்கொண்டு நின்றது. 2019-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் அதில் பங்கு வாங்கியபோது எல்லோரும் மகிழ்ந்தோம். 2020-21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. எனவே இன்னொரு முதலாளிக்காகக் காத்திருக்க வேண்டாம். மாவட்டக் கால்பந்துச் சங்கமும் மாநகராட்சியும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் உட்கார்ந்து பேசினால் 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோருக்குத் தனித்தனியாக, பதினொருவர் ஆடும், மாதக்கணக்கில் நீளும் லீக் ஒன்றை நடத்தலாம். மூன்று நாளில் முடியும் நாக்-அவுட் போட்டிகள் போதாது. முதல் ஆட்டத்தில் தோற்ற அணியின் ஸ்டாப்பர் தன் தவறைத் திருத்திக்கொள்ள அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும். பல்கலைக்கழக, கல்லூரி மைதானங்கள் ஞாயிறு காலையில் திறந்தால் இடத்துக்கும் பெரிய செலவில்லை. நடுவருக்குச் சம்பளம், முதலுதவி, பந்து, வண்டிச் செலவு ஆகியவற்றுக்குத்தான் பணம் வேண்டும். அணிகளுக்கு ஜெர்சி வாங்கித் தரும் இந்த ஊர்த் தொழில் நிறுவனங்கள் லீக்குக்கான உதவியை நடுவர் சம்பளத்திலிருந்து தொடங்கட்டும்.