பட்டத்துக்கு ஜாதகம் உண்டா?

பக்கத்து வீட்டுப் பெரியவர் சென்ற வாரம் இரண்டு கடிதங்களோடு வந்தார். பேத்திக்கு இரண்டு கல்லூரிகளில் பி.ஏ. பொருளாதாரத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று பட்டணத்துப் பிரபல கல்லூரி. விடுதிச் செலவையும் கூட்டினால் அவர் பென்ஷனில் பாதி போய்விடும். மற்றது சொந்த ஊர் அரசுக் கல்லூரி.

"எந்தப் பட்டத்துக்குப் பெயர் அதிகம், தம்பி? நீ அதையே படித்தவனாயிற்றே!" என்றார்.

உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கும். வரன் தேடும்போது பாட்டனார் தாசில்தாரா என்று விசாரிக்கிறோம். பையனைப் பற்றி விசாரிக்க மறந்துவிடுகிறோம். பட்டத்தின் விஷயமும் அப்படித்தான்.

பி.ஏ.வை விட பி.எஸ்ஸி. உசத்தி என்பார் உண்டு. கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் பொருளாதாரம் படித்த அமர்த்தியா சென் பி.ஏ.; அதே கல்லூரியில் 1981-ல் முடித்த அபிஜித் பானர்ஜி பி.எஸ்ஸி. முன்னவருக்கு 1998-லும் பின்னவருக்கு 2019-லும் நோபல் பரிசு கிடைத்தது. எழுத்தில் என்ன இருக்கிறது?

தர வரிசைப் பட்டியலைப் பார்க்கலாமே என்பீர்கள். மத்திய அரசின் பட்டியல் கல்லூரியை மொத்தமாக எடை போடுகிறது. பொருளாதாரத் துறைக்கென்று அதில் தனி மார்க் கிடையாது.

பிறகு எதைப் பார்ப்பது? நம் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். 1915-ல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக் கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். மாணவர்களைப் புத்தகத்தோடு நிறுத்திவிடவில்லை. கேள்வித்தாளைக் கையில் கொடுத்து கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாருடையது, கூலி என்ன, கடன் எவ்வளவு என்று விசாரித்து வந்தார்கள். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் கணக்கு 1918-ல் புத்தகமாயிற்று. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கிராமங்களுக்கே திரும்பிப் போய், என்ன மாறியது என்று பார்த்தார்கள். மாணவர்கள் செய்த வேலை அத்தனை காலம் நின்றது!

ஆகவே கல்லூரி வாசலில் மூன்று கேள்வி கேளுங்கள். கணிதமும் புள்ளியியலும் எத்தனை தாள்? மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளில் பலர் தடுமாறுவது அங்கேதான். மூன்றாம் வருஷத்து மாணவர், தாமே விவரம் திரட்டி எழுதிய கட்டுரை ஒன்றைக் காட்ட முடியுமா? சென்ற மூன்று வருஷங்களில் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

நான் படித்த கல்லூரிக்குப் பெயர் பெரிது. மூன்று வருஷமும் குறிப்பு நோட்டை உருப்போட்டேன். பட்டம் வாங்கிய பிறகு, கூட்டுறவு வங்கியில் என் தகப்பனார் வாங்கிய கடனுக்கு வட்டிக் கணக்கு பார்க்கத் தெரியாமல் விழித்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். மறுநாளே தாத்தாவும் பேத்தியுமாக ஊர்க் கல்லூரிக்குப் போனார்கள். அங்கே ஒரு மாணவி, வாரச் சந்தையில் தக்காளி விலையைத் தொடர்ந்து குறித்து எழுதிய கட்டுரையைக் காட்டினாளாம். கணிதத்துக்கு ஆசிரியர் இடம் ஒன்று காலியாக இருப்பதையும் அவளே ஒளிக்காமல் சொன்னாளாம்.

பட்டணத்துக் கல்லூரியையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன் என்கிறாள் பேத்தி. பெரியவருக்குச் சற்று எரிச்சல். எனக்கோ பரம திருப்தி. பொருளாதாரப் பாடத்தை அவள் இப்போதே ஆரம்பித்துவிட்டாள் அல்லவா?